காலித் தட்டு

நெல்வா வைக்க மறந்த உப்புக் குப்பியோடு அறைக்குத் திரும்பியபோது, அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் கறுப்புச் சிட்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. குழைந்த சோற்றை அலகால் அள்ளின. ஒன்று மீன் சூப்புக் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக் குடித்தது. அப்பா செலியோ கரண்டியைத் தொடாமல், தலையணையில் சாய்ந்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தா குரூஸ் தீவில் சிட்டுகளுக்கு மனிதர்களிடம் பயமில்லை. தோட்டத்து விதைகளை விட்டுவிட்டு ரொட்டிக்கும் சோற்றுக்கும் பழகியவை. சமையலறையில் நெல்வா எதையும் மூடாமல் வைத்ததில்லை. இந்த அறையின் திறந்த ஜன்னல் மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை.

"இத்தன நாளா இதுங்கதான் தின்னுச்சா?"

"நானும் ஒரு வாய், ரெண்டு வாய்..."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"தட்டு அப்படியே திரும்பி வந்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. இதுங்க பாரு, உன் சமையலக் குறை சொல்லாமத் தின்னுது."

அவள் சிரிக்கவில்லை. பல்லில்லாத வாயால் மெல்லுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பார். அதனால் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். காலியாகத் திரும்பும் தட்டை நம்பி, கடல் தாண்டி குவயாகில் நகரத்தில் இருக்கும் தம்பியிடம் போனில் சொல்வாள்: "நல்லா சாப்பிடுறாரு. லீவு கெடைக்கிறப்ப வந்தாப் போதும்."

இப்போது போனை எடுத்தாள். "வில்மர், கெளம்பி வா."

"நேத்துகூட வழிச்சுத் தின்னாருன்னியேக்கா?"

அன்றைய விமானம் போய்விட்டிருந்தது.

மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவளுக்காக வாயைத் திறந்தார். சோறு இறங்காமல் நாக்கிலேயே கிடந்தது. பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கியது. வாயில் மிச்சமிருந்ததை அவள்தான் விரலில் துணி சுற்றி எடுத்தாள்.

மறுநாள் விமானத்தில் பக்கத்துத் தீவில் இறங்கி, கால்வாயைப் படகில் கடந்து வில்மர் வீடு சேர்ந்தபோது, கூடத்தில் சவப்பெட்டி இருந்தது. அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஒஃபேலியா அவன் தோளைத் தொட்டாள். "கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டாரு தம்பி. குடுத்து வச்சவரு."

"இல்ல ஒஃபேலியா," என்றாள் நெல்வா. "அவரு சாப்பிடவே இல்ல. சிட்டுங்க தின்னுச்சு. நான் தட்டத்தான் பாத்தேன், அவரப் பாக்கல."

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்களின் உதடுகள் நின்றன. வில்மர் அக்காவையே பார்த்தான். அப்புறம் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். உள்ளே புதுப் பல்செட்.

"போன தடவ வந்தப்ப அளவு எடுத்தது. நல்லா சாப்பிடுறாருன்னியே, இனிமே கறியே திங்கலாமேன்னு..." துணிக் கட்டைத் தொட்டான். "அவுக்கலாமா?"

"வேணாம்ப்பா," என்றாள் ஒஃபேலியா. "இனி வாய் தெறக்க வராது."

அவன் சமையலறைக்குப் போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கண்ணாடி டம்ளரில் பல்செட்டை மூழ்கவிட்டு, தளும்பாமல் எடுத்து வந்து, விரிப்பை உருவியிருந்த அப்பாவின் கட்டிலின் தலைமாட்டில் வைத்தான்.