எட்டாம் நாள் சுருட்டு

என் தங்கை கனகேஸ்வரி தன் புருஷன் செத்ததை நம்ப மறுத்ததற்குச் சொன்ன காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். வேறு காலமாக இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். செய்தி கொண்டுவந்த மனிதர், ராசா கடைசி நாட்களில் கூலிக்காரர்களோடு உட்கார்ந்து நீப்பா ஓலையில் சுருட்டிய ரோக்கோ என்ற நாட்டுப் பீடியைப் பிடித்தார் என்று சொல்லிவிட்டார். "அப்ப அது அவரில்லை," என்றாள் கனகேஸ்வரி. அதற்குமேல் அந்த மனிதர் சொன்ன ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

ராசா என்பது நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர். முழுப்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. பினாங்கில் ரயில்வேக்குச் சரக்குக் கணக்கு எழுதும் கிளார்க்கு. சாப்பாடு, உடுப்பு எதிலும் அந்த மனிதருக்குப் பிடிவாதம் இல்லை. குழம்பில் உப்பு மறந்துபோனாலும் வாய் திறக்கமாட்டார். சுருட்டில் மட்டும் மகாராசா. கொழும்புக் கப்பலில் வரும் கறுத்துத் தடித்த யாழ்ப்பாணச் சுருட்டைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டார். திண்டுக்கல் சுருட்டு அவருக்கு வைக்கோல். சிகரெட் வெறும் காகிதம். ஒரு கிறிஸ்துமசுக்குக் கந்தோரில் மேலதிகாரியாக இருந்த துரை பெரிய மனது பண்ணி ஒரு மணிலாச் சுருட்டுக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு இழுவை இழுத்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற திரிஷா வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார்.

பற்றவைக்கிற விதமும் அப்படித்தான். மூக்கோடு ஒட்டி முழு நீளமும் மணந்து பார்ப்பார். நுனியைப் பல்லால் மெல்லக் கடித்துத் துப்புவார். தீக்குச்சியின் மருந்து எரிந்து போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் சுருட்டைக் கிட்டக் கொண்டுபோய் உருட்டி உருட்டி இழுப்பார். புகையை விழுங்கமாட்டார், வாயில் வைத்திருந்து விடுவார். வருகிற சிநேகிதர்கள் ஆசைப்பட்டு ஒன்று வாங்கிப் பற்றவைத்து, சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள் இழுத்து, கண் பிதுங்கி இருமுவார்கள். ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு அந்த நாற்றமே ஆகாது. அவர் வந்துபோனால் திரைச்சீலையை எல்லாம் கழற்றி உதறுவேன், அவர் காதில் விழும்படி திட்டிக்கொண்டேதான் உதறுவேன். ஆனாலும் நல்ல மனிதர். என் தங்கையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்.

ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, சுருட்டும் நின்றது. கையிலிருந்த சுருட்டுகளை ராசா பாதி பாதியாக வெட்டிப் பிடித்தார். அதுவும் தீர்ந்தபோது, நல்லதாகக் கிடைக்கும்வரை வேண்டாம் என்று சும்மா இருந்தார். பிறகு ரயில்வே ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று பெயர் எழுதிக் கொண்டுபோனார்கள். அவர்களோடு போன ராசாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

அவர் போன இரண்டாம் வருஷ மழைக்காலத்தில்தான் பக்கிரிசாமி வந்தார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆள். சயாமிலிருந்து உயிரோடு திரும்பி, காலில் ஆறாத புண்ணோடு, குவீன் ஸ்திரீட்டில் விசாரித்து விசாரித்து தங்கை வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். அந்தப் புண்ணோடு படகேறி வர வேண்டிய கட்டாயம் அவருக்கு என்ன? சொல்ல வேண்டும் என்று வந்தார். ராசா காலராவில் போய்விட்டார் என்றார். எரிப்பதற்கு விறகு சுமந்தது தான்தான் என்றார்.

"சுருட்டு இல்லாம ரொம்பத் தவிச்சாங்க அக்கா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அப்புறம் எங்க ரோக்கோவ வாங்கி இழுத்துப் பாத்துட்டு, இது போதும் பக்கிரின்னாங்க."

கனகேஸ்வரி நம்பாமல் போனது அந்த இடத்தில். நான் நம்பியதும் அதே இடத்தில்தான். பொய் சொல்ல வருகிறவன் இப்படி ஒன்றை யோசித்துச் சொல்லமாட்டான். சொந்தமென்று ஒரு முகம் இல்லாத காட்டில், பக்கத்தில் இருக்கிறவன் நீட்டுவதை வாங்கிக்கொள்ளத்தான் மனம் வரும். ராசா வாங்கியிருப்பார். தங்கையோ பக்கிரிசாமிக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள். நான்தான் கொடுத்தேன்.

செத்தவர் செத்துவிட்டார் என்று அழுது தீர்க்கலாம். இங்கே இருந்த பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. தேவகிக்கு நான்கு வயது. மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு ஒன்றும் வயிற்றுக்குள் போகாமல் கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். என் வீட்டுக்காரர் விநாசித்தம்பி அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் கிராமத்தில் ஒரு துண்டு நிலம் பிடித்து வைத்திருந்தார். அங்கே கோழி இருந்தது, கீரை இருந்தது, பக்கத்து மலாய்க்கார அம்மா சித்தி ஹாஜரா கையில் தவிட்டரிசியும் கிடைத்தது. நாங்கள் அங்கே குடிபோக ஆயத்தமாகி நின்றோம். கனகேஸ்வரி ஒற்றைக் காலில் நின்றாள். அவர் திரும்பி வந்து இந்த வீட்டில் அல்லவா தேடுவார், நான் எப்படி வருவது என்றாள். பிள்ளையையாவது அனுப்பு என்றேன். அப்பா வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். காலைப் பார்க்கவில்லையா என்று கத்தினேன். பிள்ளை கொழுத்திருக்கிறாள் என்று சொன்னாள். பெற்ற தாய் சொல்கிற சொல்லா இது. பளார் என்று ஒன்று விடக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த எட்டாம் நாள், அந்த ஆளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வீட்டுக்குள் படைப்போம். மீனோ இறைச்சியோ கள்ளோ சுருட்டோ, உயிரோடு இருக்கும்போது எது பிடிக்குமோ அது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்போம். அவர் வந்து எடுத்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. உடம்பு கிடைக்காத சாவு, ஆகவே செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி எட்டு வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தங்கை மறுப்பாள், சண்டை பிடிக்கலாம் என்று தயாராகப் போனேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"வையுங்கோ அக்கா. சுருட்டும் வையுங்கோ. அவர் போனது உண்மையெண்டால் சுருட்டை விட்டிட்டு இருக்கமாட்டார், வந்து எடுத்துப் பிடிப்பார். எடுத்தால் நான் பிள்ளையோட உங்களோட வாறன். எடுக்காட்டில் இதைப்பற்றி ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது."

விநாசித்தம்பி தலையை ஆட்டிவிட்டார். சுருட்டுக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்கவில்லை. பினாங்கு முழுக்க அலைந்து கடைசியில் மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகை வைத்திருந்த பழனியப்பனிடம் ஒன்றே ஒன்று கிடைத்தது. திண்டுக்கல் சுருட்டு. எந்தக் காலத்திலோ வந்தது, டப்பாவின் அடியில் கிடந்து ஈரம் ஏறியிருந்தது. இது ராசா தொடாத சாமான் என்றேன். சுருட்டு சுருட்டுத்தானே என்றார் என் வீட்டுக்காரர். அந்த மனிதருக்குப் புகையிலையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். காலையில் தேவாரம், மாலையில் விபூதி, நடுவில் மனைவியின் வாய். வேறு எந்தப் பழக்கமும் இல்லாதவர்.

எட்டாம் நாள் பொழுது சாயும் நேரம். வாழையிலையில் ஒரு பிடி சோறு வைத்தோம், கருவாட்டுக் குழம்பு, அவித்த மரவள்ளி. அரிசிக்காக என் வீட்டுக்காரர் இரண்டு வேட்டியைக் கொடுத்திருந்தார். தேவகி மூலையில் பாயில் கிடந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்கிற தெம்பும் இல்லை.

விநாசித்தம்பி சுருட்டைப் பல்லியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தார். குத்துவிளக்குச் சுடரில் நுனியைக் காட்டினார். கறுத்துப் புகைந்தது. கையை ஒரு ஆட்டு ஆட்டி, சுருட்டு நுனியில் பிடித்த தீயை அணைத்துவிட்டு, ஊதுபத்தியைச் செருகுவதுபோலப் பயபக்தியோடு இலையோரம் வைத்தார். வாயில் வைப்பாரா? படையல் எச்சிலாகிவிடுமே. கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வாசல் அஞ்சடி நடைபாதையில் வந்து நின்றோம். தெருவில் யாரும் இல்லை, மழை மட்டும் தூறிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தபோது சுருட்டு செத்துக் கிடந்தது. நுனி மட்டும் கரி, சாம்பல் என்று ஒரு நகக்கண் அளவுகூட இல்லை. காற்றாக இருக்கும் என்று சொல்லி என் வீட்டுக்காரர் மறுபடி பற்றவைத்தார். மறுபடி வெளியே நின்றோம். மறுபடி உள்ளே போனோம், அதேதான்.

அப்போது தங்கையின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று இருந்ததுபோல இருந்தது. "அவர் எடுக்கேல்லை அக்கா. உயிரோட இருக்கிறார்," என்றாள்.

என்னையும் ஒரு நிமிஷம் ஆட்டிவிட்டது. உள்ளதைச் சொன்னால் என்ன? அந்த மனிதர் எங்கேயோ ஒரு காட்டில் மூச்சோடு இருக்கிறார் என்று நினைக்க எவ்வளவு சுகமாக இருந்தது. என் வீட்டுக்காரரின் கண்ணும் கலங்கிவிட்டது. ஒருவேளை இருக்குமோ என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து மூலையில் பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்தாள், கால் ஊன்றவில்லை, சத்தமில்லாமல் மறுபடி பாயில் சரிந்தாள். கனகேஸ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுருட்டையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் தெரியும் அது ஏன் அணைந்ததென்று. யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பா கிணற்றடியில் இருந்து சுருட்டைப் பற்றவைத்துக் கொண்டுவா என்று குரல் கொடுப்பார். மூத்தவள் நான்தான் ஓடுவேன். அடுப்புத் தணலில் பிடித்து, வாயில் வைத்து இழுத்து, வழி நெடுக இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஆட்டுக்குட்டியைக் கொஞ்ச நின்றால் அணைந்துவிடும், தலையில் குட்டு விழும். கனகேஸ்வரி கடைக்குட்டி, அவளுக்கு அந்த வேலை வரவில்லை. இந்தச் சுருட்டுக்கோ நுனியைக்கூட யாரும் கடித்துத் திறக்கவில்லை. ஈரம் வேறு. சும்மா வைத்தால் எப்படி எரியும்?

சொல்லாமல் இருந்தால் என் தங்கைக்குப் புருஷன் இருப்பான். சொன்னால்தான் பிள்ளை இருக்கும். எந்நாளும் ஓயாத வாய் அன்றைக்குக் கெஞ்சினாலும் திறக்கமாட்டேன் என்றது. பிறகு எப்படியோ சொன்னேன்.

"கனகேஸ், சுருட்டுத் தானாய் எரியாதடி. மூச்சு உள்ள ஆள் வாயில வைச்சு இழுத்தால்தான் எரியும். அப்பாவுக்கு நான் இழுத்து இழுத்துத்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். ராசாவுக்கு மூச்சு இல்லையடி."

அவள் என்னைப் பார்த்தாள். என்னைக் கொன்றுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து இலையோரம் கிடந்த சுருட்டை எடுத்தாள்.

எச்சிலாக்காதே என்று என் வீட்டுக்காரர் பதறினார். அவர் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன். கனகேஸ்வரி நுனியைப் பல்லால் கடித்தாள். கடிக்கத் தெரியவில்லை, மேல் இலை உரிந்து வந்தது. அதை விரலால் ஒட்டிக்கொண்டு விளக்கில் பிடித்து இழுத்தாள். புகையை அப்படியே நெஞ்சுக்குள் விழுங்கிவிட்டாள். குனிந்து, சுவரில் தலை முட்ட இருமினாள். வாயிலிருந்து நீர் வடிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். நுனி சிவந்தது. இலையோரம் வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். மங்கும்போது எடுத்து இழுத்தாள், வைத்தாள், மறுபடி மங்கியது, மறுபடி எடுத்தாள். செய்தி வந்த நாள்முதல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், இழுவைக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள். அறை முழுக்கப் புகை. நான் திரைச்சீலையை நினைக்கவில்லை.

அடிக்கட்டை விரலைச் சுடும்வரை அவள் விடவில்லை. அவருக்காக முழுதையும் அவளே எரித்து முடித்தாள். பிறகு எழுந்தாள், தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பாய்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

"பிள்ளையைத் தூக்குங்கோ அக்கா," என்றாள். "அவளால நடக்கேலாது."