ஜெலட்டினும் ஒரு குண்டூசியும்

டோரீனுக்கு டைப்ரைட்டரைக் கண்டாலே ஆகாது. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறியவளைக் கடிதம் தட்ட உட்கார வைத்தால் யாருக்குத்தான் ஆகும்? ஆண்கள் யுத்தத்துக்குப் போனதில், அவள் டைப் அடித்த மருந்துக் கம்பெனியின் சோதனைச்சாலையில் அவளுக்குத் தற்காலிகமாக ஓர் இடம் கிடைத்திருந்தது. ஜெலட்டின் கரைசலிலிருந்து உப்பைப் பிரித்துக் காட்டினால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழையபடி டைப் அறைதான். தலைமை ரசாயனி தேசிகன் கறாராகச் சொல்லிவிட்டார்.

கருவி ஒன்றும் பிரமாதமில்லை. கண்ணாடித் தொட்டியை இரண்டு சவ்வுகளால் தடுத்து மூன்று அறையாக்க வேண்டும். நடு அறையில் வெதுவெதுப்பான ஜெலட்டின். இரு பக்கமும் சுத்தமான தண்ணீர், பக்கத்துக்கு ஒரு கரிக்குச்சி. பாட்டரியை இணைத்தால் உப்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு இந்தக் குச்சியைத் தேடியும் மறு பங்கு அந்தக் குச்சியைத் தேடியும் சவ்வைத் தாண்டி ஓடிவிடும். ஜெலட்டின் பருத்த ஆள். சவ்வுக்குள் நுழைய முடியாமல் நடுவிலேயே நிற்கும். உப்பு குறையக் குறைய, மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் முள்ளும் இறங்கும்.

சவ்வுக்கான தாள் ஏற்றிய கப்பல்தான் வந்து சேரவில்லை. டோரீன் யோசித்தாள். குடலில் கறி அடைத்துச் செய்யும் கிறிஸ்மஸ் சாசேஜுக்காக அம்மா அல்போன்சா வாங்கி வைத்திருந்த குடலில் பாதியை ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"குடல் சார்."

தேசிகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எந்தப் பிராணி என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவருக்கும் நல்ல மனது.

கழுவிய குடலை இரண்டு மடிப்பாகச் சட்டங்களில் இழுத்துக் கட்டி, கரைசலை ஊற்றி, மின்சாரத்தை விட்டாள். மத்தியானத்துக்குள் முள் சரசரவென்று இறங்கியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேசிகனோ பக்க அறைத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, அதில் கெட்டித் தேயிலை டிகாக்ஷனை விட்டார். தண்ணீர் பால் திரிந்தாற்போல் திரிந்தது.

"தேயிலைத் துவர்ப்புக்கு ஜெலட்டின் திரியும். உன் ஜெலட்டினும் உப்போட சேர்ந்து வெளியே வந்துடுத்தும்மா. எங்கேயோ ஓட்டை."

தூக்கிப் பார்த்தால், ஒரு சவ்வில் ஊசிமுனைத் துளை.  குடல் முன்பே கிழிந்திருந்தது என்று சொல்லிவிட்டால் பழி கசாப்புக் கடைக்காரன் தலையில் விழும். ஆனால் டோரீனுக்கு அப்படிச் சொல்ல மனது வரவில்லை.

"நான்தான் சார் குத்துனேன். ரெண்டு மடிப்புக்கு நடுவுல காத்து நின்னுச்சு. வீட்ல சாசேஜ் அடைக்கறப்போ காத்து நின்னா குண்டூசியால குத்தி விடறது என் வேலை. இல்லேன்னா பொரிக்கறப்போ வெடிச்சிரும். கை தானா போயிருச்சு சார்."

 தேசிகன் சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"இதைப் பொரிக்கப் போறதில்லேம்மா! அந்தக் குண்டூசியை இப்படிக் கொடு. மீதிக் குடலை எடு."

இந்த முறை காற்றை விரலால் நீவி வெளியேற்றினாள். சாயங்காலம் பக்கத் தண்ணீரில் டிகாக்ஷன் விட்டார்கள், திரியவில்லை. நடு அறைக் கரைசலில் வெள்ளி நைட்ரேட் விட்டார்கள். உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். துளிகூடக் கலங்கவில்லை.

"திங்கக்கிழமை..." என்று தேசிகன் தொடங்கினார். டோரீன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துடு. இதைவிடப் பெரிய தொட்டி கட்டணும்."

டோரீன் அந்த ஈரத் தொட்டியை அப்படியே கட்டிக்கொண்டாள்.