சீப்புப் பல் விழுந்த சவாரி

பாலசிங்கத்தாருக்குத் தாடி வடிவில்லை. வெட்டிய வயலில் நிற்கும் அடிக்கட்டை மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. ஆனாலும் அதோடுதான் அவர் அடம்பன் சந்தியில் இருந்த துசாந்தினியின் வீடியோக் கடைக்கு வந்தார். பின்னால் மனைவி கனகம்மா.

தாடிக்குக் காரணம் ஊரறிந்தது. போர் முடிந்து, முகாமிலிருந்து ஊருக்கு மீளக்குடியேறி இது இரண்டாம் வருடம். போன மாதம் அடம்பனில் மாட்டுவண்டிச் சவாரி வைத்தார்கள். பாலசிங்கத்தாரின் சோடிக்கு இரண்டாமிடம், இலுப்பைக்கடவை இராசநாயகத்துக்கு முதலிடம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். உண்மை வெளிக்கும் வரை முகத்தில் கத்தி படாது என்று மனிசன் அந்த இடத்திலேயே சபதம் போட்டார். போட்ட வேகத்தில் இரண்டு விசயத்தை மறந்துபோனார். வருகிற திங்கட்கிழமை மகள் ஹம்சிகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகம்தான்.

“பிள்ளை, சவாரியை ரீவியிலை போட்டவங்கள். நீர் கொம்பியூட்டரிலை பிடிச்சு வைச்சிருக்கிறீராம். டிஸ்கிலை அடிச்சுத் தாரும். கலியாண வீட்டிலை எல்லாரும் பாக்கட்டும்.”

“இந்த மூஞ்சையோடை மணவறைக்கு வந்தா ஐயர் எழும்பி ஓடிப்போவார்,” என்றார் கனகம்மா. “எப்பிடியெண்டாலும் ஒரு முடிவு காட்டிவிடு பிள்ளை.”

துசாந்தினி படத்தைத் திறந்தாள். வேலியோரம் நின்ற சனம் பளிச்சென்று தெரிந்தது. ஓடிய மாடுகள்தான் பாழ். கால், கொம்பு, மூக்கு எல்லாவற்றிலும் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். முடிவுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் இரண்டு சோடியும் சீப்புக்குள் சீப்பாகச் சிக்கிக் கிடந்தன.

“மாட்டுக்கு என்ன வருத்தம்?” என்றார் பாலசிங்கத்தார்.

மாட்டுக்கு ஒரு நோய்நொடியும் இல்லை. ரீவி ஒரு படத்தை ஒரே மூச்சில் அனுப்பாது. ஒரு கோடு விட்டு ஒரு கோடாக முதலில் பாதி வரும், செக்கனில் ஐம்பதிலொரு பங்கு கழித்து மிச்சப் பாதி வரும். நிற்கிற மாட்டுக்கு அதனால் பாதகமில்லை. ஓடுகிற மாடு அதற்குள் ஒரு சாண் போய்விடும். இரண்டு பாதியையும் கணினி ஒன்றாகத் தைத்துவிட்டதால்தான் இந்தச் சீப்பு என்று துசாந்தினி விளங்கப்படுத்தினாள்.

“அப்ப நான் முந்தின பாதியிலை வெண்டிருப்பன்,” என்றார் அவர். விளக்கத்தில் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் இரண்டு பாதியையும் குழைத்துப் பார்த்தாள். கோடு போனது, ஆனால் ஒவ்வொரு மாட்டுக்கும் நாலு கொம்பு முளைத்தது. பிறகு பாதிகளைப் பிரித்து, பாதிக்கொரு படமாக ஓட்டினாள். மாடுகள் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வந்தன.

பாலசிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “என்ரை மாடு செத்தாலும் பின்னுக்குப் போகாது.”

துசாந்தினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிழை மாட்டிலில்லை, அவளிடம்தான். பிந்தி வந்த பாதியை முந்தி அடுக்கியிருந்தாள். ஒழுங்கை மாற்றி, விடுபட்ட கோடுகளை நிரப்பி, மெதுவாக ஓடவிட்டாள்.

இந்தத் தரம் மாடுகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அவளுக்கே மெய் சிலிர்த்தது. சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தினாள். கோட்டைத் தாண்டி ஒரேயொரு மூக்கு, பாலசிங்கத்தாரின் வெள்ளை மாட்டினது. இராசநாயகத்தின் மாட்டுக்கு இன்னும் ஒரு சாண் கிடந்தது.

“பாத்தியா கனகம், பாத்தியா?” மனிசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பேந்தும் போடும் பிள்ளை.”

அவள் படத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இப்போது வண்டி வந்தது. முன்பு வெறும் கோடும் புழுதியுமாக இருந்த இடத்தில் பாலசிங்கத்தார் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தெரிந்தார். வலது கையில் மாடுகளைப் பிடிக்கும் நாணயக்கயிறு. இடது கையில், இடுப்பிலிருந்து அவிழ்ந்து பறக்கிற சாரம். சாரத்துக்குள்ளே பென்னாம்பெரிய சிவப்புப் பூப்போட்ட களிசான்.



“பிள்ளை,” என்றார் பாலசிங்கத்தார், “அந்தக் கோடுகளைத் திருப்பிப் போடேலுமோ?”

“போடலாம் ஐயா. ஆனா மாட்டின்ரை மூக்கும் மறைஞ்சிடும்.”

கனகம்மா திரைக்குக் கிட்ட வந்தார். அந்தப் பூக்களை அவருக்குத் தெரியும். “முகாமிலை, நிவாரணத்துக்கு வந்த திரைச்சீலைத் துணியிலை நான் கையாலை தைச்சது. வெக்கக்கேடு, எறிஞ்சுபோட்டன் எண்டெல்லோ சொன்னியள்?”

அவர் தாடியைச் சொறிந்தார். “முகாமிலையிருந்து வெளிக்கிட்ட அண்டும் அதைத்தான் போட்டிருந்தனான். ராசி எண்டு வைச்சிருக்கிறன்.”

கனகம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். பாலசிங்கத்தார் திரையை மறந்து மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வருடக்கணக்காகிறது என்பது, அவர் நின்ற நிலையிலேயே துசாந்தினிக்கு விளங்கியது. அவளுக்கும் சந்தோசம் நெஞ்சுமுட்ட வந்தது.

“கோடு வேண்டாம் பிள்ளை,” என்றார் அவர் கடைசியில். “உள்ளபடி அடியும். ரண்டு டிஸ்க். ஒண்டு சம்பந்திக்கு. அந்த மனிசனும் சிரிக்கட்டும்.”

டிஸ்க் எழுதி முடிவதற்குள் எதிரிலிருந்த சலூனுக்குப் போய் மழுமழுவென்று வழித்துக்கொண்டு வந்தார். கனகம்மா அப்போதும் கணினிக்கு முன்னால்தான் இருந்தார்.

“இஞ்சருங்கோ,” என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “திங்கக்கிழமை பட்டு வேட்டிக்குள்ளையும் இதையே போடுங்கோ.”