இரண்டாம் எண் காலி

அயர்லாந்தில், கார்க் நகரத்துக்கு மாநகராட்சித் தேர்தல் வந்தாலும் வந்தது, மேட்டுத் தெருவில் மாஸி ஹெகார்ட்டி வீட்டு அழைப்பு மணிக்கு உயிர் வந்துவிட்டது. தம்பி ஜெர் போய்ச் சேர்ந்தபின் இரண்டு குளிர்காலமாக அந்த மணியை அடித்தவர் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருவர்தான். கல்யாணம் காட்சி இல்லாமல் ஒரே கூரையின் கீழ் கிழடு தட்டிப்போன அண்ணன் தம்பி. ஒருவர் போனதும் மற்றவர் சுவரோடு பேச வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் ஓட்டு என்பது ஒருவருக்குப் போட்டுவிட்டு வருகிற காரியமில்லை. மிகப் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3 என்று பென்சிலால் வரிசை எழுத வேண்டும். எண்ணும்போது கடைசியில் நிற்பவரைக் கழித்துவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவரிடம் சேர்த்துவிடுவார்கள். ஆகவே முதல் எண் கிடையாது என்று சொன்ன வாசலைவிட்டும் வேட்பாளர் நகரமாட்டார்; இரண்டையாவது போடுங்கள் என்று பல்லைக் காட்டுவார். மாஸி அதைப் பிடித்துக்கொண்டார். கிழவர் லேசுப்பட்டவரா!

"ஒண்ணு குடுத்தாச்சுப்பா. ரெண்டு காலியாத்தான் இருக்கு. ஆனா யோசிக்கணும். வியாழக்கிழமை வந்து பாரேன்."

வருகிற ஒவ்வொருவரிடமும் இதே பாட்டுத்தான். வந்தவர் மறுபடி வந்தார், டீ குடித்தார், சாக்கடையைப் பற்றிப் பேசினார். ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தான் அண்ணன் தம்பி, கடந்துவிட்டால் நீ யாரோ நான் யாரோ என்பது மாஸிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆறு கொஞ்சம் அகலமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஓர்லா க்ரெமின் மட்டும் வேறு மாதிரி. கட்சி கிடையாது, காசு கிடையாது, மருந்துக் கடையில் வேலை. முதல் நாள் மழையில் நனைந்து வந்தவள் ஷூவைக் கழற்றி அடுப்பருகே வைத்துவிட்டு, வெண்ணெய் தடவிய ரொட்டியை இரண்டு துண்டு சாப்பிட்டாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இவரு யாரு, உங்களை மாதிரியே மொறைக்கிறாரு?" என்று கேட்டாள். ஜெரைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பிறகும் பலமுறை வந்தாள். சில நாள் ஓட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"உனக்கு ஒண்ணுதான், பொண்ணே. எழுதி வச்சுக்கோ" என்றார் மாஸி. சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டு. தடுப்புக்குள் போய், கயிற்றில் கட்டியிருந்த பென்சிலை எடுத்ததும் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன தேர்தலில் இதே மாதிரி அவர் அடுப்பருகே உட்கார்ந்து சிரித்துவிட்டு ஜெயித்துப்போன ஒருவன், பிறகு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்து, "நீங்க யாருன்னு தெரியலையே?" என்றான். ஜெயித்தால் இவளுக்கும் கூட்டம், போட்டோ, போன். தோற்றால்? தோற்றால் சாயங்காலம் சும்மாதானே இருப்பாள்! அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத, தடித்த டை கட்டிய ஆளுக்கு 1 போட்டார். பிறகு ஒவ்வொருவராக எல்லோருக்கும் எழுதினார். கடைசி எண் ஓர்லாவுக்கு என்று வந்தபோது பென்சிலை ஒருமுறை கீழே வைத்தார். பாவி மனுஷன், ஆனாலும் எழுதினார்.

வார்டுக்குப் பல உறுப்பினர்கள்; அதில் கடைசி இடத்துக்குப் போட்டி தடித்த டைக்கும் அவளுக்கும் என்று வந்து நின்றது. நாலைந்து ஓட்டில் அவள் தோற்றாள். ரேடியோவில் கேட்டுவிட்டு மாஸி இரண்டு கோப்பையைக் கழுவி மேசையில் வைத்தார்.

அவருடைய கணக்கு தப்பவில்லை. தேர்தல் முடிந்த ஒரு வாரத்துக்குள் கம்பங்களில் கட்டிய விளம்பரத் தட்டிகளைக் கழற்றாவிட்டால் அபராதம். ஜெயித்தவர்களுக்கு ஆள் உண்டு, தோற்றவர்கள் தாங்களே ஏற வேண்டும். ஓர்லா காரின் மேல் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவர் வாசல் விளக்குக் கம்பத்தில் அவள் முகம் தொங்கியது.

"நல்ல வேளை வந்தீங்க, ஏணியைக் கொஞ்சம் புடிங்க மாஸி!"

பிடித்தார். அவள் மேலே நின்று தட்டியைக் கட்டிய கயிற்றை வெட்டிக்கொண்டே பேசினாள்.

"ஓட்டு எண்ணப் பெட்டியைத் தொறந்தப்போ தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டி எட்டிப் பாத்தேன். உங்க தெருவுல எனக்கு விழுந்த ஒண்ணாம் நம்பர் ரொம்பக் கம்மி. ஆனா அதுல ஒண்ணு மாஸியோடதுன்னு அம்மாகிட்ட சொன்னேன்."

மாஸி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "உள்ள வா. டீ போடறேன்."

"ஐயோ, நேரமில்ல! புதன்கிழமை கனடா கெளம்பறேன். அக்கா அங்க வேலை பாத்து வச்சிருக்கா. ஜெயிச்சா இங்கயே இருக்கலாம், தோத்தா போயிடலாம்னு இருந்தேன். ஊரே பதில் சொல்லிடுச்சே."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட யானையாக நின்றார் மாஸி. அவள் அடுத்த கம்பத்துக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போய் ஏணியைப் பிடித்தார்.

"தூறல் போடுது, நீங்க வீட்டுக்குப் போங்க."

"யாராவது புடிக்கணும்ல."

கம்பம் கம்பமாகத் தெருவே முடிந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு கம்பம் இருக்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. கடைசிக் கம்பத்தில் அவள் ஏறியபின், ஏணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு நான் ஒண்ணு போடல, பொண்ணே. கடைசி எண் போட்டேன்."

வெட்டுகிற சத்தம் நின்றது. "ஏன்?"

"ஜெயிச்சா நீ வரமாட்டேன்னு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் படி படியாக இறங்கி வந்து, தன் முகம் போட்ட தட்டியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே, மாஸி."

ஏணியைக் காரின் மேல் ஏற்ற அவர் ஒரு கை கொடுத்தார். அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். கார் இறக்கத்தில் இறங்கி மறைந்ததும் மாஸி வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்த இரண்டு கோப்பையில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தார்.