துணிச் சட்டத்தில் நாலு கார்டு

நாலாவது கிராபிக்ஸ் கார்டு அன்றைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அதன் விசிறி என்னவோ மற்ற மூன்றையும்போல ஜோராகச் சுற்றியது. ஆனால் கணினித் திரையைப் பார்த்தால், அப்படி ஒருவன் இந்த வீட்டிலேயே இல்லை என்று சாதித்தது. சூயுன்பெக் கையிலிருந்த திருப்புளியைத் தரையில் எறிந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போய்விட்டன. கேபிளை மாற்றினான், இடத்தை மாற்றினான், பவர் சப்ளையைக் கூட மாற்றிப் பார்த்துவிட்டான். வாரத்தில் ஆறு நாள் பாலத்துக்கு இரும்பைப் பற்றவைத்து ஒட்டுகிறவன் அவன். ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாவிட்டால் ஏன் ஒட்டவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். இந்தச் சனியனில் எதுவுமே கண்ணுக்குத் தெரிவதில்லை.

"ஏங்க, அது செத்துப்போச்சுன்னு ஒத்துக்கிட்டா என்ன? பொதைச்சுட்டு டீ குடிக்க வாங்க" என்று மனைவி ஜிபார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. நாலு கார்டும் கணினிப் பெட்டிக்குள் அடங்காது, திறந்த சட்டம் வேண்டும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். வீட்டிலிருந்த இரும்புச் சட்டம் அவள் துணி உலர்த்துவது ஒன்றுதான். இரண்டு கம்பியை அறுத்து, குறுக்கே இரண்டை ஒட்டி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். அன்றிலிருந்து ஈரத்துணி நாற்காலி முதுகிலும் கதவு மேலும் கிடக்கிறது. வெளியே தொங்கவிட்டால் பலகையாய் உறைந்துவிடும். வீட்டைச் சூடேற்றும் சுவரோரத்து வெந்நீர்க் குழாயோ இந்தக் குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

இதெல்லாம் எதற்கு என்று அவளிடம் அவன் ஒழுங்காகச் சொன்னதில்லை. அவள் தம்பி துராத் பன்னிரண்டு வருஷம் கல் அறுத்தவன். தூசி உள்ளே போய் நுரையீரல் இறுகிவிட்டது. மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று டாக்டர் கையை விரித்தார். போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் வேலையிடத்தில் கிரேன் ஓட்டுகிறவன் ஒரு விஷயம் சொன்னான். இந்த மாதிரி நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் பெரிய கணக்கு ஒன்றை லட்சம் துண்டாக உடைத்து, உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்களாம். விருப்பப்பட்டவன் தன் துண்டுக் கணக்கைப் போட்டுத் திருப்பி அனுப்பலாம். கூலி கிடையாது. அந்தச் சமயத்தில்தான் கணினியில் கிரிப்டோ காசு தோண்டியவர்கள் கடையை மூடிவிட்டு, கார்டுகளை பிஷ்கெக் நகரச் சந்தையில் உருளைக்கிழங்கு மாதிரி குவித்திருந்தார்கள். சூயுன்பெக் நாலு பொறுக்கிக்கொண்டு வந்தான்.

கதவு இடிபட்டது. திறந்தால் கட்டடப் பொறுப்பாளர் கனிஷாய் அக்கா. கீழே இருக்கும் மின்பெட்டியின் சாவி எப்போதும் அவள் கழுத்தில்தான் தொங்கும். அவளுக்குப் பின்னால் கீழ்வீட்டு நஸீரா, பாதி தைத்த கோட்டு ஒன்றை அடிபட்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"இந்தத் தையலைப் பாருங்கண்ணே. நேரா போய்க்கிட்டிருந்த மெஷினு. உங்க வீட்டுல விசிறி கத்த ஆரம்பிச்சதும் லைட்டு மங்குது, ஊசி குடிகாரன் மாதிரி தள்ளாடுது. நாளைக்குக் காலையில நாப்பது கோட்டு லாரி ஏறணும். இதை எந்தக் கோணவாயன் போடுவான்?"

கனிஷாய் நேராக உள்ளே வந்து சட்டத்தின் முன் நின்றாள். "காசு தோண்டுறியா தம்பி?"

"இல்லக்கா. இதுல ஒத்தக் காசு வராது."

"பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லு."

அவன் முதலில் துண்டு, கணக்கு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். அவள் முகம் அசையவில்லை. கடைசியில், "அக்கா, உங்க அண்ணன் வீடு கட்டுனப்போ அஷாருக்கு வந்தோமில்ல? தெருவே வந்து கல்லு சுமந்துச்சு. எவனாச்சும் கூலி கேட்டோமா? இதுவும் அஷார்தான். உலகம் பூரா ஆளுக்கொரு கல்லு" என்றான். சொன்னபிறகு அவனுக்கே திருப்தியாக இருந்தது.

கனிஷாய் விடவில்லை. "அஷார்னா வீட்டுக்காரன் ஆடு அறுப்பான். இங்க எவன் அறுத்தான்?"

"யாரும் அறுக்கலக்கா."

"டீயாவது ஊத்துனானா?"

"இல்ல."

"வான்னு உன்னைக் கூப்பிட்டவன் யாரு?"

"யாரும் கூப்பிடல. நானாத்தான் போனேன்."

"நல்லாயிருக்கு. கூப்பிடாத வீட்டுக்கு, சோறு போடாதவனுக்கு, எங்க கரண்ட்டை எடுத்துக்கிட்டு நீ கல்லு சுமக்கப் போற. காசு தோண்டுறேன்னு சொல்லியிருந்தா உன்மேல கொஞ்சம் மரியாதையாவது இருந்திருக்கும். சாயங்காலத்துக்குள்ள கழட்டிடு. இல்லேன்னா பெட்டியில உன் வயரை நானே பிடுங்கிடுவேன்."

திரும்பும்போது அவள் பார்வை திரையில் பட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தாள். "முடித்த துண்டுகள், இருநூத்தி பன்னெண்டு. பெயர், துராத்." நிமிர்ந்து பார்த்தாள். "துராத்தா?"

சமையலறை வாசலில் ஜிபார் ஈரச்சட்டையைப் பிழிந்தபடி வந்து நின்றிருந்தாள். பிழிந்த கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் அவள் காலிலேயே சொட்டியது.

"சேரும்போது ஒரு பேரு கேட்டுச்சு" என்றான் சூயுன்பெக், தரையைப் பார்த்தபடி. "எதையாவது எழுதணுமில்ல."

விசிறிகள் கத்தின. "முதல்ல அதை அணை. மண்டையைக் குடையுது" என்றாள் கனிஷாய். குரலில் முன்பிருந்த காரம் இல்லை. அவன் அணைத்தான்.

நஸீரா கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இதுல எதுண்ணே ஓடாதது?"

கேட்டதுதான் தாமதம், மூன்று வாரத்து எரிச்சலையும் அவளிடம் கொட்டிவிட்டான். அவள் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. நாலாவது கார்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொடி விசை என்ன? அந்தப் பக்கத்துல இருக்கிற கார்டுல இப்படித் தள்ளியிருக்கு, இதுல அப்படி." காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி, கடுகளவு இருந்த அதை மறுபக்கம் தள்ளினாள். "என் மெஷின்லயும் ஒண்ணு இருக்கு. தடித்துணிக்கு ஒரு பக்கம், மெல்லிசுக்கு ஒரு பக்கம்."

அதை ஈயப் பொட்டு என்றுதான் அவன் நினைத்திருந்தான். முன்பு வைத்திருந்தவன் காசு தோண்டுவதற்கென்று கார்டின் குணத்தையே, அதாவது உள்ளே ஓடும் நிரலையே, மாற்றி விசையின் ஒரு பக்கம் வைத்திருக்கிறான். பிறவிக் குணம் மறுபக்கம் பத்திரமாக இருந்திருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை!

"ஒரே ஒரு தடவை பாத்துடுறேன்க்கா" என்று கெஞ்சிவிட்டு பட்டனை அழுத்தினான். திரையில் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நாலு. நாலும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டன. அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான்.

கீழே மின்பெட்டியில் 'டப்' என்றது. விசிறிகள் ஓய்ந்தன, குளிர்பெட்டி ஓய்ந்தது. மேல்மாடியில் ஒருவன் சூயுன்பெக்கின் அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டினான். "என் இஸ்திரிப்பெட்டி!" என்று நஸீரா படியிறங்கி ஓடினாள். கனிஷாய் கழுத்துச் சாவியைத் தடவிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மின்சாரம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கனிஷாயும் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மூணு" என்றாள். "அதுவும் நஸீரா இஸ்திரியை அணைச்சப்புறம். அவ குழாயைத் தட்டுவா, அதுக்கு முன்னாடி பட்டன்ல கை வைக்கப்படாது. நாலாவது ஓடுச்சுன்னு தெரிஞ்சா வயரு என் கையில." இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "அந்த ஆடு அறுக்காதவனுக்கு எழுதிப் போடு. இந்தப் படிக்கட்டுல இருக்குற எல்லா வீட்டுக்கும் டீ கடன்னு."

சூயுன்பெக் சட்டத்தின் முன் உட்கார்ந்தான். பேசாமல் கிடந்த மூன்று வாரமும் நாலாவது கார்டைக் கெஞ்சினான். பேச ஆரம்பித்த நாளில் வாயைப் பொத்தச் சொல்கிறார்கள். யாரை நொந்துகொள்வது என்றுகூடத் தெரியவில்லை. திருகுகளைக் கழற்றி, கார்டைப் பழைய பனியனில் சுற்றி அலமாரி மேல் வைத்தான். சட்டத்தில் ஒரு கம்பி மொட்டையாக நின்றது.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் கீழேயிருந்து கத்தரிக்கோல் குழாயில் மூன்று முறை தட்டியது. அவன் பட்டனை அழுத்தினான். திரையில் மூன்று வரியும், மேலே அந்தப் பெயரும் வந்தன. ஜிபார் பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தான். அவள் திரையைப் பார்த்தாள். தலைக்குட்டை நுனியால் அந்தப் பெயர் இருந்த இடத்தில் தூசியைத் துடைத்தாள். பிறகு நாற்காலி முதுகில் கிடந்த அவனுடைய வேலைக் காலுறைகளை எடுத்து உதறி, மொட்டைக் கம்பியில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

மூன்று கார்டுகளின் சூடான காற்றில், நாலாவது இருந்த இடத்தில், காலுறைகள் இரண்டும் மெல்ல உதைத்துக்கொண்டிருந்தன.