வெர்லின் வைத்த படி

பாறைகளில் ஏறுகிற வண்டி வேண்டும் என்று என் கணவன் வெர்லினுக்கு ஆசை. புதிதாக வாங்க வசதியில்லை. அதனால் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பிக்கப்பைப் பிரித்துப் போட்டான். யூட்டா மாநிலத்தின் பழைய இரும்புக் கடைகளிலெல்லாம் அலைந்து, ஸ்பிரிங்கும் அச்சும் பெரிய டயரும் பொறுக்கி வந்தான். அடிப்பாகம் பாறையில் இடிக்கக் கூடாது என்று வண்டியை அங்குலம் அங்குலமாக உயர்த்தினான். கடைசியில் பார்த்தால், இருக்கை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"முட்டி ஆபரேஷன் ஆனவ இதுல எப்படி ஏறுவேன்? கிரேன் வச்சுத் தூக்கப் போறியா?" என்று கத்தினேன்.

அவன் பழைய கட்டில் இரும்பை அறுத்து, என் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு படியைப் பற்றவைத்தான்.

அவன் கூட்டாளி ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "வருஷம் பூரா வண்டியத் தூக்கிட்டு, இப்பப் படியத் தொங்க விடுறியே! முதல் பாறையிலயே பிச்சுக்கும், பாரு."

ராய்ஸையும் கூட்டிக்கொண்டு பாறைக் குன்றில் ஏறப் போனோம். அப்படியேதான் நடந்தது. வெர்லின் இறங்கி, எண்ணெய் ஒழுகுகிறதா என்றுகூடப் பார்க்காமல், பிய்ந்து விழுந்த படியை எடுத்துப் பின்னால் போட்டான். உச்சிக்குப் போனதும் நான் இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ராய்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, வெர்லின் செம்மண்ணில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தான்.

"முதுகுல மிதிச்சு இறங்கு, நடீன்."

"பூட்ஸ் போட்டிருக்கேன், பைத்தியமே!"

"சட்டை பழசுதான்."

மறுநாள் அதே படியை அதே இடத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் பிச்சுக்கும்டா" என்றான் ராய்ஸ்.

வெர்லின் முகமூடியைத் தூக்காமலே சொன்னான். "பிச்சுக்கட்டும். வெல்டிங் மிஷின் வீட்டுலதானே இருக்கு."