பட்டினி மூச்சு

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. மாடிவீட்டு அக்கா ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து சொன்னாள். பிஸ்கட் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில், ஆய்வகத்தில் வேலை அவளுக்கு. "நீதான் எதையாவது எழுதிக்கிட்டே இருப்பியே, இதையும் எழுது. ஆனா என் தம்பியை மட்டும் அழ வச்சிடாத" என்றாள். கதை எழுதுகிறவனிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை. பார்க்கலாம்.

முதல் வரி: "நுண்ணுயிர்கள் என்பவை கண்ணுக்குத் தெரியாத—" வேண்டாம், கொட்டாவி வருகிறது.

இன்னொன்று: "மனைவி போன பிறகு தம்பி ஒருநாளும் அழுததில்லை. அந்த வீட்டுச் சுவர்கள்கூட—" சுவர்களை எதற்கு வம்புக்கு இழுக்கிறேன்? தொட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

தொட்டி பெரியது. உள்ளே பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிடும். கொதிப்பல்ல, அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதுகிறது. அந்தத் தண்ணீரில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்குத் தொழிற்சாலை கழுவி விடும் மாவும் சர்க்கரையும்தான் சாப்பாடு. இயந்திரப் பழுது என்று தொழிற்சாலையை மூடியதும் அந்தச் சாப்பாடு நின்றுபோயிற்று.

அக்கா ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைச் செருகிக் காற்றுப் புகாமல் மூடினாள். உள்ளே இருப்பவை மூச்சு விட விட ஆக்சிஜன் குறையும். சாதாரண நாளில் மீட்டர் திரையில் மடமடவென்று இறங்கும் கோடு, அன்று மெல்ல, நேராக, அழகாக இறங்கியது.

ப்ளோயர்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அமைதியா மூச்சு விடுது பாரும்மா! லீவு விட்டா யாருக்குத்தான் சந்தோஷமில்ல?"

"சந்தோஷம் இல்லண்ணே, பட்டினி. வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலை. உள்ள சேத்து வச்சதைக் கரைச்சு மூச்சு விடுது."

"அதுவும் தீந்துட்டா?"

"தன்னையேதான் திங்கணும்."

(இதற்கு அகச்சுவாசம் என்று பெயர். ஈஸ்ட்டுக்கும் உண்டு, உங்கள் உடம்பின் உயிரணுக்களுக்கும் உண்டு. இன்னொன்று: ப்ளோயர்காரரை நான்தான் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா அங்கே தனியாகத்தான் இருந்தாள். "என்ன அமைதியா இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் அவள்தான். தனியாக இருக்கிறவளை எப்படிப் பேச வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர் நல்லவராக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.)

அமைதி. அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அக்காவுக்குத் திக்கென்றது. வீட்டில் தம்பியைப் பற்றி எல்லோரும் சொல்வதும் அதுதானே.

3

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அவனும் கண்ணாடி போட்டவன்தான். மனைவி இறந்தபின் அக்காவோடு வந்துவிட்டான். கேட்டால் பதில் சொல்வான், ஜோக்குக்குச் சிரிப்பான், பாத்திரம் கழுவுவான். ஒரு குறை சொல்ல முடியாது. "தேறிட்டான்" என்றது சொந்தம். தேறியவனைக் கலைக்கக் கூடாதென்று மனைவியின் புகைப்படத்தைப் பெட்டிக்குள் வைத்தார்கள், அவள் சேலைகளை யார் யாருக்கோ கொடுத்தார்கள். அவள் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

அன்று அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவனும் அவள் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கரைத்துத்தானே நாளை ஓட்டுகிறான், அது தீர்ந்துவிட்டால்— இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

4

பட்டினி கிடப்பதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. புட்டியில் ஒரு சொட்டு மாவுத்தண்ணீர் விட வேண்டும். உயிர் இருந்தால் மூச்சு வேகமெடுத்து, கோடு சட்டென்று வளையும். வளையாவிட்டால் நாம் தாமதமாக வந்திருக்கிறோம். பாவம் பசிக்குமே என்று தொட்டியில் மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா அப்படித்தான் செய்தாள். நுரை பொங்கி, தொட்டி நாறி, தேற்றி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வீட்டிலும் அப்படி ஒருவர் கொட்டினார். சித்தப்பா ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்து மத்தியானம் முழுக்க, "வாழ வேண்டிய வயசுப்பா" என்று பேசித் தீர்த்தார். தம்பி பணிவாகத் தலையாட்டி டீ கொண்டுவந்து கொடுத்தான். மறுநாள் கடையில் யாருக்கோ வலக்கண்ணுக்கான கண்ணாடியை இடக்கண்ணில் மாட்டிக் கொடுத்தான்.

ஒரு சொட்டு விட்டாள் அக்கா. புட்டியில் கோடு வளைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. (அவளை அழ வைக்காதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

5

சாயங்காலம். தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஒரே டம்ளரைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா துடைக்கிற துணியோடு பக்கத்தில் நின்றாள். இங்கே கோடு வளையாவிட்டால் என்ன செய்வது என்று, துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். சொல்லிவிட்டாள்.

"அவ இருந்திருந்தா, 'ஏய் நாலுகண்ணா, டம்ளரைக் கழுவுறியா இல்ல குளிப்பாட்டுறியா'ன்னு கேட்டிருப்பா."

அவன் கை நின்றது.

முடிவு ஒன்று: அவன் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி— கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முடிவு இரண்டு: டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவை— இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இது. அவன் குழாயை மூடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?" என்றான்.

"என்னடா?"

"அப்புறம் என்ன சொல்லுவா? சொல்லுக்கா."

6

இத்தோடு அக்கா எழுந்துவிட்டாள். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். "அது எங்க வீட்டுக்குள்ள" என்று சொல்லிப் படியேறிப் போய்விட்டாள்.

இட்டுக்கட்டி எழுதலாம்தான், என் தொழிலே அதுதானே. ஆனால் அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் வாயில் என் வார்த்தையை வைத்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

கையெல்லாம் சோப்பு நுரையோடு அவன் அங்கேயே நிற்கிறான். யாராவது சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும், இறந்துபோனபின் பாசத்தினால் யாரும் பேச்செடுக்காத ஒருவர் இருப்பார். இந்த இடத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். இவனுக்காக வேண்டாம், உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறவருக்காக, எழுந்துபோய் அதைச் சொல்லுங்கள்.